500 மீட்டர் பஃபர் போட்டால் வரைபடம் முழுவதும் மூடிவிடுகிறது (கியூஜிஐஎஸ்), உதவி தேவை

தென்றல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது.

மூன்று லேயர்கள் (தகவல் அடுக்குகள்) வைத்திருக்கிறேன். சுகாதார நிலையங்கள், வீடுகள் இரண்டும் புள்ளிகள். அட்சரேகை, தீர்க்கரேகை உள்ள சிஎஸ்வி கோப்பிலிருந்து ஏற்றியவை. மூன்றாவது வார்டு எல்லைகள், ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகை. எந்தச் சுகாதார நிலையத்துக்கும் 500 மீட்டருக்குள் வராத வீடுகள் ஒவ்வொரு வார்டிலும் எத்தனை என்று எண்ண வேண்டும். புதிய நிலையம் கேட்டு மனு கொடுக்கப் போகிறவர்கள் இந்த எண்ணிக்கையைத்தான் காட்டப் போகிறார்கள். அதனால் தப்பு வரக் கூடாது.

ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி வட்டம் போடும் பஃபர் கருவியில் தூரம் 500 என்று கொடுத்தேன். திரை முழுவதும் ஒரே நிறம். வார்டுகள் எல்லாம் அதற்கு அடியில் போய்விட்டன. தூரப் பெட்டிக்குப் பக்கத்தில் 'டிகிரிஸ்' என்று ஒரு எச்சரிக்கைக் குறியோடு வருகிறது. அதை மீட்டராக மாற்ற வழி இல்லை.

அப்புறம் லேயர் மேல் ரைட் கிளிக் செய்து, 'செட் லேயர் சிஆர்எஸ்' (ஆயத்தொலை முறையைக் குறிக்கும் அமைப்பு) வழியாக, மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியில் மீட்டர் வந்துவிட்டது. ஆனால் புள்ளிகள் வரைபடத்தில் இல்லை! அட்டவணையைத் திறந்தால் எல்லா வரிசைகளும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

முகிலன் எழுதியது:

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சிஆர்எஸ்-ஐப் பழையபடி 4326-க்கே (அட்சரேகை, தீர்க்கரேகையைப் பாகையில் வைக்கும் முறையின் எண்) மாற்றிவிட்டு, தூரத்தை 0.0045 என்று கொடுங்கள். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் 0.0045 பாகை கிட்டத்தட்ட 500 மீட்டர். வேலை முடிந்தது.

கயல்விழி எழுதியது:

முகிலன், இந்தக் கணக்கு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் சரி. 111 கிலோமீட்டர் என்பது வடக்கு தெற்காக எங்கும் ஏறத்தாழ நிற்கும். கிழக்கு மேற்காக அப்படி இல்லை, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. 60 பாகை அட்சரேகையில் ஒரு பாகையின் அகலம் பாதியாகிவிடும். அங்கே 0.0045 கொடுத்தால் வடக்கே 500 மீட்டரும் கிழக்கே 250 மீட்டரும்தான் கிடைக்கும். மனுவில் வைக்கப் போகிற எண்ணுக்கு இது ஆகாது.

தென்றல், உங்கள் புள்ளிகள் எங்கேயும் தொலையவில்லை. லேயரைத் தேர்ந்தெடுத்து 'ஜூம் டு லேயர்' கொடுத்துப் பாருங்கள், எல்லாம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே சிக்கல் வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வரும்.

ஒவ்வொரு புள்ளியும் கோப்புக்குள் இரண்டு எண்கள்தான். அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வது சிஆர்எஸ். 'செட் லேயர் சிஆர்எஸ்' படிக்கும் முறையை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. உங்கள் வீடு ஒன்றின் எண்கள் 37.2, 20.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4326-ல் அது 37.2 பாகை தீர்க்கரேகை, 20.6 பாகை அட்சரேகை. அதையே வட பாதி யுடிஎம் என்று சொல்லிவிட்டால் 37.2 மீட்டர், 20.6 மீட்டர் என்று படிக்கும். யுடிஎம்-ல் மண்டலத்தின் நடுக்கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆக அந்த வீடு நடுக்கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டுக்கு 20 மீட்டர் வடக்கே போய் உட்கார்ந்துவிடும். ஒரு நகரத்தின் வீடுகள் பாகைக் கணக்கில் ஒன்றுக்குக் குறைவாகவே விலகியிருக்கும். எனவே எல்லாமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

500 பாகை பஃபர் திரையை மூடியதும் இதே கதைதான். உலகத்தின் மொத்தச் சுற்றே 360 பாகை.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் லேயருக்கு 4326-ஐயே திருப்பிக் கொடுங்கள். பிறகு பிராசசிங் கருவிப்பெட்டியில் 'ரீப்ராஜெக்ட் லேயர்' என்று தேடி, அதில் யுடிஎம் மண்டலத்தைக் கொடுங்கள். இது எண்களையே மாற்றிப் புது லேயர் ஒன்று தரும். மூன்று லேயர்களுக்கும் செய்யுங்கள். லேயரின் ப்ராபர்ட்டீஸில் 'எக்ஸ்டென்ட்' பாருங்கள். பாகை என்றால் சின்ன எண்களும் தசமங்களும் இருக்கும். மாறியிருந்தால் கிழக்குத் தொலைவு ஆறு இலக்கத்தில் நிற்கும். அதைப் பார்த்த பிறகே பஃபருக்குப் போங்கள்.

மண்டல எண் கண்டுபிடிக்க: தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி (மேற்குத் தீர்க்கரேகை என்றால் கழித்தல் குறியோடு), 6-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து ஒன்று கூட்டுங்கள். 100 பாகை கிழக்கு என்றால் 47-ஆவது மண்டலம். வட பாதியில் குறியீடு 32647, தென் பாதியில் 32747.

முகிலன் எழுதியது:

கயல்விழி சொல்வது சரி, 0.0045-ஐ விட்டுவிடுங்கள். ஆனால் மீட்டர்தான் வேண்டும் என்றால் 3857 (வெப் மெர்கேட்டர்) போதாதா? மண்டலம் தேடும் வேலை மிச்சம். பின்னணியில் போடும் இணைய வரைபடங்களும் அதில்தானே இருக்கின்றன?

கயல்விழி எழுதியது:

பார்ப்பதற்கு 3857 நல்லது, அளப்பதற்கு வேண்டாம். அதில் எழுதியிருக்கும் மீட்டர் தரையில் இருக்கும் மீட்டர் இல்லை. வெப் மெர்கேட்டர் துருவம் நோக்கிப் போகப் போக இழுத்துக்கொண்டே போகும். 30 பாகை அட்சரேகையில் 500 கொடுத்தால் தரையில் சுமார் 433 மீட்டர்தான். 45-ல் 354, 60-ல் 250. யுடிஎம் நடுக்கோட்டில் இருக்கும் பிழை பத்தாயிரத்தில் நான்கு பங்கு. 500 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பயப்பட வேண்டிய விஷயம், 3857 எந்த எச்சரிக்கையும் காட்டாது. பெட்டியில் 'மீட்டர்ஸ்' என்று அமைதியாக இருக்கும், வட்டமும் அழகாக வரும். எண் மட்டும் தப்பு.

தென்றல் எழுதியது:

மிக்க நன்றி அக்கா! ரீப்ராஜெக்ட் செய்ததும் புள்ளிகள் சரியான இடத்தில் வந்துவிட்டன, எக்ஸ்டென்ட்டும் ஆறு இலக்கம் காட்டுகிறது. பஃபரும் வந்துவிட்டது. ஆனால் மூன்று சந்தேகம். வட்டங்கள் வட்டமாக இல்லை, பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்த மாதிரி தெரிகின்றன. இரண்டாவது, பஃபருக்குள் இருக்கும் வீடுகளை எண்ணினால் மொத்த வீடுகளைவிட அதிகமாக வருகிறது. மூன்றாவது, வார்டு லேயரிலிருந்து பஃபரைக் கழிக்க 'டிஃபரன்ஸ்' ஓட்டினால், ஒரு வார்டின் ஜியாமெட்ரி (வடிவம்) செல்லாதது என்று சிவப்பில் செய்தி வந்து நின்றுவிடுகிறது.

இளவேனில் எழுதியது:

மூன்றுக்கும் நான் சொல்கிறேன், கயல்விழி அக்கா இன்று நிறைய எழுதிவிட்டார்.

வட்டம் இழுபட்டுத் தெரிவது வெறும் காட்சி. திரையின் கீழே வலது மூலையில் ப்ராஜெக்டின் சிஆர்எஸ் இருக்கும், அது இன்னும் 4326-லேயே இருக்கிறது. அதையும் யுடிஎம் ஆக்குங்கள். கணக்கு அதனால் மாறப் போவதில்லை.

எண்ணிக்கை கூடுவதற்குக் காரணம், பக்கத்துப் பக்கத்து நிலையங்களின் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இரண்டு வட்டத்திலும் வரும் வீடு இரண்டு முறை எண்ணப்படும். பஃபர் கருவியிலேயே 'டிசால்வ் ரிசல்ட்' என்று ஒரு டிக் இருக்கிறது. போட்டுவிட்டால் எல்லா வட்டமும் ஒன்றாகிவிடும்.

அங்கேயே 'செக்மென்ட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும், இயல்பாக 5. கால் வட்டத்துக்கு ஐந்து கோடுகள் என்று அர்த்தம், அதாவது உங்கள் வட்டம் உண்மையில் இருபது பக்கமுள்ள பலகோணம். முழு வட்டத்தைவிட அதன் பரப்பு 1.6 சதவீதம் குறைவு. 500 மீட்டர் வட்டத்தில் அது ஏறத்தாழ 12,900 சதுர மீட்டர், ஓரத்தில் இருக்கும் வீடுகள் விடுபட்டுப்போகும். 25 ஆக்குங்கள், ஆயிரத்துக்கு ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

செல்லாத ஜியாமெட்ரி என்றால் பெரும்பாலும் அந்த வார்டின் எல்லைக்கோடு எங்கோ தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது. 'செக் வேலிடிட்டி' ஓட்டினால் பிழை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டும். நெருங்கிப் பார்த்துவிட்டு 'ஃபிக்ஸ் ஜியாமெட்ரிஸ்' ஓட்டுங்கள். செல்லாதவற்றை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் அமைப்பும் இருக்கிறது, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்த வார்டு முழுவதுமே முடிவிலிருந்து காணாமல் போகும்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது வீடுகள்தானே, வார்டைக் கழிக்கவே தேவையில்லை. வீடுகள் லேயரில் 'எக்ஸ்ட்ராக்ட் பை லொகேஷன்' ஓட்டி, 'டிஸ்ஜாயின்ட்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, டிசால்வ் செய்த பஃபரோடு ஒப்பிடுங்கள். வெளியே நிற்கும் வீடுகள் தனி லேயராக வரும். அதை வைத்து 'கவுன்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகன்' வார்டுகள் மேல் ஓட்டினால் வேலை முடிந்தது. இந்தக் கடைசிப் படிக்கு வார்டு லேயர் பழுது நீக்கியதாக இருக்கட்டும்.

கயல்விழி எழுதியது:

இளவேனில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பஃபர் அளப்பது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால், 400 மீட்டரில் இருப்பதாகத் தெரியும் வீட்டுக்காரர் பாலம் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நோயாளிக்கு அந்த இரண்டு கிலோமீட்டர்தான் உண்மை. சாலை லேயர் கிடைத்தால் நெட்வொர்க் அனாலிசிஸில் 'சர்வீஸ் ஏரியா (ஃப்ரம் லேயர்)' ஓட்டிப் பாருங்கள். 500 மீட்டருக்குள் நடந்து போகக்கூடிய சாலைத் துண்டுகளைக் கோடுகளாகத் தரும். கிடைக்காவிட்டால், நேர்கோட்டுத் தூரம் என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

வார்டுகளுக்கு நிறம் கொடுக்கும்போது வீடுகளின் எண்ணிக்கையை வைத்துக் கொடுக்காதீர்கள், பெரிய வார்டுகள் எல்லாம் கருத்துத் தெரியும். மொத்த வீடுகளில் எத்தனை சதவீதம் வெளியே நிற்கிறது என்பதை வைத்துக் கொடுங்கள். எண்ணிக்கை அட்டவணையில் இருக்கட்டும்.

தென்றல் எழுதியது:

முழுக்கச் செய்து முடித்துவிட்டேன், எண்ணிக்கை மொத்தத்தோடு ஒத்துப்போகிறது. உள்ளே, வெளியே இரண்டையும் கூட்டிச் சரிபார்த்தேன். சாலை லேயரும் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: முடிவை ஷேப்ஃபைலாகச் சேமித்தால் தமிழில் வைத்த நெடுவரிசைப் பெயர்கள் பாதியில் வெட்டப்படுகின்றன. 'வெளியே_உள்ள_வீடுகள்' என்பதில் முதல் எழுத்துகள் மட்டும் மிஞ்சுகின்றன.

இளவேனில் எழுதியது:

ஷேப்ஃபைலின் அட்டவணை பழைய டிபிஎஃப் வடிவம், நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுதான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு துணைக்குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். மூன்று குறிகளுக்கு மேல் அங்கே நுழையாது. 'ஜியோபேக்கேஜ்' வடிவில் சேமியுங்கள். பெயர் முழுசாக நிற்கும், சிஆர்எஸ் உள்ளேயே இருக்கும், மூன்று லேயர்களும் ஒரே கோப்பில் போகும். வாங்குபவர் ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்றால் நெடுவரிசைக்கு 'வெ1', 'வெ2' என்று சின்னப் பெயர் வைத்து, விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள். அனுப்பும்போது எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே, சிபிஜி எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் போடுங்கள். பிஆர்ஜே விடுபட்டால் சிஆர்எஸ் போய்விடும், சிபிஜி விடுபட்டால் தமிழ் எழுத்துகள் குழம்பிவிடும்.