செப்டம்பர் கடைசியில் டூரோ பள்ளத்தாக்கு: மூன்று நாளில் எப்படி?

கேள்வி:
வியாழன் இரவு போர்ச்சுகலின் போர்ட்டோவில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்புகிறோம். இரண்டு பேர், ஒருவருக்குத்தான் கார் ஓட்டத் தெரியும். போர்ட்டோவிலேயே தங்கி ஒரு நாள் மட்டும் டூரோ போய் வந்தால் போதுமா? கார், ரயில், படகு மூன்றில் எது சரி? அறுவடை நேரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குள் விடுவார்களா?

பதில் 1:
போர்ட்டோவில் தங்கிப் போய் வருவது வேண்டாம். பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கும் பினியாவ் ஊருக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து மணி நேரம் கழிந்தால், நடு வெயிலில் அவசரமாக ஒரு தோட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கும். பள்ளத்தாக்கு அழகாக இருப்பது காலையிலும் மாலையிலும்தான். வெள்ளி, சனி இரண்டு இரவும் பினியாவில் தங்குங்கள்.

ரயில் போர்ட்டோவின் கம்பன்யா நிலையத்தில் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் ஊதா வழித்தடம் நேராக அங்கே வரும். எல்லா வண்டியும் பினியாவ் போகாது, சில வழியில் உள்ள ரெகுவா ஊரோடு நின்றுவிடும். அதனால் கடைசி நிலையமான பொசின்யு என்று போட்டிருக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். இருக்கை எண் கிடையாது, சீக்கிரம் போய் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆறு கண்ணில் படாது. அதன் பிறகு பினியாவ் வரை வலப்பக்கமேதான், தண்டவாளத்தை ஒட்டியே வரும். சனிக்கிழமை பொசின்யு வரை போய் வர நினைத்தால் ஒன்று கவனியுங்கள்: ஃபெராதோசா பாலத்தில் ரயில் தென்கரைக்கு மாறுகிறது, அங்கிருந்து ஆறு இடப்பக்கம்.

போர்ட்டோவிலிருந்து ரெகுவாவுக்குப் படகு என்றால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கரபடேலு அணையில், நீரை நிரப்பிப் படகைத் தூக்கும் அடைப்புத் தொட்டியில் படகு ஏறக்குறைய 35 மீட்டர் உயர்வது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் டூரோ ஒயின் பகுதி அந்த அணைக்கும் மேலே, பார்கெய்ரோஸில்தான் தொடங்குகிறது. உங்களுக்கு இருப்பது மூன்று நாள். பினியாவ் படகுத்துறையில் ஒரு மணி நேரச் சவாரி கிடைக்கும், அது போதும்.

பதில் 2:
ரயில் பற்றிச் சொன்னது சரி. ஆனால் காரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். ரெகுவாவிலிருந்து பினியாவ் வரை ஆற்றோரமாகப் போகும் N222 சாலையும், மேலே காசல் டி லொய்வோஸ் காட்சிமுனையும் ரயிலில் போகிறவருக்குக் கிடைக்காது.

சிக்கல் குடியில்தான் இருக்கிறது. இங்கே தயாராகும் போர்ட் ஒயினின் வலு 19 முதல் 22 சதவீதம். நொதிக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள், இனிப்பும் போதையும் அதனால்தான். 50 மில்லி வீதம் ஐந்து கோப்பை என்றால் 250 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 40 கிராம். போர்ச்சுகலில் ஓட்டுநருக்கான வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2. ஐந்து கோப்பையில் இதைத் தாண்டிவிடலாம். 1.2-ஐத் தொட்டால் குற்ற வழக்கு. ஓட்டுபவர், சுவைத்த ஒயினைத் துப்பும் பாத்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அதில் கூச்சமே தேவையில்லை. அது முடியாது என்றால் வாடகைக் கார் எடுக்காதீர்கள்.

பதில் 1:
அதனால்தான் பினியாவ் என்றேன். கின்டா டோ போம்ஃபிம், கின்டா டா ரோயெடா என்ற இரண்டு ஒயின் தோட்டங்களுக்கும் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காட்சிமுனைக்கு டாக்ஸியில் ஏறி, நடந்து இறங்குங்கள். ஏற்றம் கடுமையானது. டாக்ஸியை விடுதியில் முதல் நாளே சொல்லி வையுங்கள், தெருவில் நின்று பிடிக்க முடியாது.

பதில் 3:
அறுவடை பற்றி: விடுவார்கள், ஆனால் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். லகார் எனும் கருங்கல் தொட்டியில் திராட்சையைக் கால்களால் மிதிப்பதைப் பார்க்க ஆசையென்றால், பதிவு செய்யும்போதே எந்த நேரம் மிதிக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான் நடக்கும், பகல் சுற்றுலாவில் வெறும் தொட்டிதான் இருக்கும். செப்டம்பர் கடைசியில் அறுவடை எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பது அந்த ஆண்டின் வெயிலைப் பொறுத்தது.

நாளுக்கு இரண்டு தோட்டத்துக்கு மேல் வேண்டாம், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். காலையில் முதலில் சாராயம் சேர்க்காத டூரோ வெள்ளை, சிவப்பு ஒயின்கள், கடைசியில் போர்ட். வரிசை மாறினால் போர்ட்டின் இனிப்புக்குப் பிறகு சாதாரண ஒயின் புளிப்பாகவே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
ரயில் என்று முடிவு செய்துவிட்டோம். நன்றி. ஞாயிறு மதியத்துக்கு மேல் என்ன செய்யலாம்? பாட்டில் வாங்கினால் எடுத்து வர முடியுமா?

பதில் 3:
காலை ரயிலில் போர்ட்டோ திரும்பி, லூயிஸ் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் வில நோவ டி கையாவின் போர்ட் கிடங்குகளுக்குப் போங்கள். கடலோரக் குளிர்ச்சியில் பீப்பாய் மெதுவாக முதிரும் என்று ஒயினை அங்கே கொண்டு வந்தார்கள். 1986 வரை ஏற்றுமதிப் போர்ட் கையா வழியாகத்தான் போக வேண்டும் என்பது சட்டம்.

வாங்குவதற்கு, பீப்பாயில் நெடுநாள் முதிர்ந்த டானி வகைப் போர்ட்தான் வசதி, திறந்த பிறகும் சில வாரம் தாங்கும். ஒரே ஆண்டின் திராட்சையில் செய்து பாட்டிலில் முதிரும் விண்டேஜ் வகையைத் திறந்தால் ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும். அடியில் வண்டல் இருக்கும், குடிப்பதற்கு முதல் நாளே நிமிர்த்தி வைத்து மெதுவாக வடித்து ஊற்றுங்கள்.

கைப்பையில் பாட்டில் செல்லாது, சரக்குப் பெட்டியில்தான். விமானப் பாதுகாப்பு விதியின் 5 லிட்டர் வரம்பு 24 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவுக்குத்தான், போர்ட் அதற்குள் வராது. சுங்க வரம்பு வேறு, இறங்கும் நாட்டுடையதைப் பாருங்கள். ஒரு பாட்டில் 1.3 கிலோ வரை எடை வரும். ஆறு வாங்கினால் 8 கிலோ, பெட்டியில் அதற்கு இடம் விட்டுக் கிளம்புங்கள்.