உறை உலர்த்தல் என்றால் எந்த உறை?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக நூலகங்களுக்கான வெள்ளக்காலக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். மழையும் அதற்கேற்பக் கொட்டித் தீர்க்கிறது. ஆவணங்களோ பல இடங்களில் இன்னும் நிலவறையில்தான். 1997 ஜூலை 28 அன்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்திலும், 2004 அக்டோபர் 30 அன்று ஹவாய் பல்கலைக்கழக நூலகத்திலும் வெள்ளம் புகுந்தது. இரண்டு இடத்திலும் நனைந்தவற்றை முதலில் உறைய வைத்தார்கள், பிறகுதான் உலர்த்தினார்கள்.

இந்த முறைக்கு உணவுத்துறையில் ‘உறை உலர்த்தல்’ என்கிறார்கள். நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

மடல் 2

> நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. நூலகத்தில் உறை என்றால் புத்தகத்துக்குப் போடும் மேலுறை, கடித உறை, ஆவணம் வைக்கும் காகித உறை. ‘நனைந்த நூல்களை உறை உலர்த்தலுக்கு அனுப்புக’ என்று எழுதினால், அவசரத்தில் படிக்கிறவர் உறையைக் கழற்றிக் காயப்போடுவார். ஈரத்தில் ஊறிய அட்டையை இழுத்தால் தையலும் சேர்ந்து வந்துவிடும். ‘உறைய வைத்து உலர்த்தல்’ என்று நீட்டிச் சொன்னால் போதும்.

மடல் 3

நீட்டினாலும் போதாது. உறைய வைத்த நூலை வெற்றிட அறையில் உலர்த்த இரண்டு வழி உண்டு. இரண்டுக்கும் இந்தப் பெயர் பொருந்திவிடுகிறது.

முதல் வழியில் அறையின் அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே இருக்கும். அந்த அழுத்தத்தில் நீர் திரவமாக நிலைக்காது. பனிக்கட்டி நேரே ஆவியாகும். தாள் மறுபடி நனைவதில்லை, மை கசிவதில்லை. இன்னொன்றில் அழுத்தம் அவ்வளவு இறங்காது. பனி உருகி, தாளை நனைத்து, அப்புறம்தான் ஆவியாகும். நூல் முறுக்கிக்கொள்ளும். பளபளப்பான பூச்சுத்தாள் என்றால் கேட்கவே வேண்டாம்: களிமண் பூச்சிலுள்ள பசை இளகி, காயும்போது பக்கங்கள் ஒரே பலகையாக ஒட்டிக்கொள்ளும். கத்தி வைத்தாலும் பிரியாது.

ஒப்பந்தத்தில் ‘வெற்றிட உலர்த்தல்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் எந்த இயந்திரத்தில் போட்டார்கள் என்று பிறகு கேட்க முடியாது. இரண்டாம் வழியைப் பிரித்துக்காட்ட அதன் பெயரில் ‘வெப்ப’ என்று சேர்ப்பதும் உதவாது, பனியை ஆவியாக்கவும் வெப்பம் வேண்டுமே. வேறுபாடு உருகுவதிலும் உருகாததிலும்தான் இருக்கிறது. சொல்லும் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

மடல் 4

அப்படியானால் சொல் கையிலேயே இருக்கிறது. திண்மம் நேரே ஆவியாவதைப் பள்ளிப் பாடநூல் ‘பதங்கமாதல்’ என்கிறது. சித்த மருத்துவத்தில் பதங்கம் என்பது ஒரு மருந்து வகையின் பெயரே. என் முன்மொழிவு: ‘பதங்க உலர்த்தல்’, அதற்கு எதிரிணையாக ‘உருக்கி உலர்த்தல்’.

மடல் 5

நல்ல இணை. ஒரே ஒரு குறும்பு: அகராதியில் பதங்கம் என்றால் விட்டில்பூச்சியும்தான். பூச்சியோடு போராடும் ஆவணக் காப்பகத்தில் பூச்சியை உலர்த்துகிறோம் என்று யாராவது சொல்லப்போகிறார்கள்!

மடல் 6

விட்டிலைப் பதங்கம் என்று இன்று யாரும் அழைப்பதில்லை அம்மா. அந்தப் பயம் வேண்டாம். ‘உறை’ அன்றாடம் கையில் புழங்கும் சொல், குழப்பம் அதில்தான். ‘பதங்க உலர்த்தல்’ என்பதை ஏற்கலாம். வரையறையோடு இவையும் போகட்டும்.

சாதாரணத் தாளில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூஞ்சை கிளம்பும். அதற்குள் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே உறைய வைக்க வேண்டும். பூச்சுத்தாளுக்கு 6 மணி நேரம்தான் கெடு, அதுவரை ஈரமாகவே இருக்கட்டும். திறந்த நூலை மூடவோ மூடியதைத் திறக்கவோ கூடாது. முதுகு கீழே இருக்க, பெட்டிக்கு ஒரே வரிசை. இறுக்கித் திணித்தால் நூல் நெளிந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். பதங்க உலர்த்தல் பூஞ்சையைக் கொல்லாது, உறங்க வைக்கும், அவ்வளவுதான். அறையிலிருந்து வரும் தாள் அளவுக்கு மீறிக் காய்ந்து மொறுமொறுவென்றிருக்கும்; சில நாள் அறை ஈரப்பதத்தில் வைத்த பிறகே புரட்ட வேண்டும்.

மடல் 7

பெட்டிச் சீட்டுக்குச் சுருக்கம் தேவை. ‘பதங்கம்’, ‘காற்றாட’ என்று இரண்டை எழுதலாம். ஈரக் கொலோடியன் என்ற பழைய புகைப்பட முறையின் கண்ணாடி நெகட்டிவுக்கும் காந்த நாடாவுக்கும் மூன்றாவதாக ‘உறைய விடாதே’ என்று சிவப்புச் சீட்டு. எழுத்து பென்சிலில் இருக்கட்டும். பேனா மை அந்த ஈரத்தில் நிற்காது.