'பாஸ் அவுட்' என்று எழுதினால் பிழையா?

செக்காலை ஆசிரியை:
காரைக்குடியில் பதினேழு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பிளஸ் டூ மாணவர்களை வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். நாற்பது தாள்களில் முப்பதுக்கு மேல் 'பத்தாம் வகுப்பை பாஸ் அவுட் செய்தேன்' என்றே இருந்தது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இதைப் படிப்பவர், பையன் வகுப்பில் மயங்கி விழுந்தான் என்று புரிந்துகொள்வார். 'டவுட்' இன்னொன்று. பாடத்தில் கேள்வி கேட்க எழும் பிள்ளை 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், ஆசிரியர் சொன்னதை அவன் நம்பவில்லை என்று அங்கே பொருள்படும். எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். சக ஆசிரியர்கள் சிலர், 'நம் ஊரில் இதுதான் வழக்கு, ஏன் அடிக்கிறீர்கள்' என்கிறார்கள். நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

பள்ளத்தூரான்:
அம்மா, உங்கள் உழைப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அடித்தது தவறு. பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்றுதான் பெயர். பிரிட்டிஷ் ராணுவத்திலும் அதே பெயர்தான். அவர்கள் கொடுத்த சொல்லை நாம் பள்ளிக்கூடத்துக்கு நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். 'ரைட் எக்ஸாம்' என்பதையும் பலர் அடிக்கிறார்கள். இங்கிலாந்தில் தேர்வுக்கு 'உட்காருகிறார்கள்', அமெரிக்காவில் தேர்வை 'எடுக்கிறார்கள்'. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நம்மைப் போல 'எழுதுகிறார்கள்'. கனடாக்காரர் எழுதினால் ஆங்கிலம், கண்டனூர்ப் பிள்ளை எழுதினால் பிழையா?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மகன் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தான். வந்த கடிதத்தில் 'டியூஷன் வெய்வர்' தருவதாக எழுதியிருந்தது. மாலை வகுப்புக்கு வர வேண்டியதில்லை என்று சொல்கிறார்களாக்கும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். செலவுக்குப் பணம் போதாது என்று மறுத்து எழுத உட்கார்ந்துவிட்டான். அன்று மாலை வந்த உறவினர்தான், அங்கே டியூஷன் என்றால் கல்லூரிக் கட்டணம், அதைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்று சொன்னார். ஒரு சொல்லால் பிள்ளையின் படிப்பே போயிருக்கும். அன்று அடைந்த பதற்றம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆசிரியை அடிக்கட்டும். இன்னும் அழுத்தி அடிக்கட்டும்.

பள்ளத்தூரான்:
அண்ணன், நீங்கள் சொன்ன செய்தியே என் பக்கம்தான் பேசுகிறது. இங்கிலாந்தில் டியூஷன் என்றால் இன்றும் கற்பித்தல்தான். கட்டணத்தைச் சொல்ல 'டியூஷன் ஃபீஸ்' என்று சேர்த்து எழுதுவார்கள். அதைச் சுருக்கிப் பணத்துக்கே பெயராக்கியது அமெரிக்கா. இதில் எதைச் சரி என்று அடிப்பது? 'பப்ளிக் ஸ்கூல்' இன்னும் மோசம். இங்கிலாந்தில் அது ஈட்டன் போன்ற, பெருங்கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. அமெரிக்காவில் அது கட்டணமே இல்லாத அரசுப் பள்ளி. நம் பிள்ளையிடம் ஒரு பொருளை மட்டும் கொடுத்து அனுப்பினால் இன்னொரு ஊரில் தடுமாறுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பு 'மானிட்டர்' என்ற ஏற்பாட்டை நாம் இரவல் வாங்கியதாக நினைக்கிறோம். 1787-இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அங்கேதான் வளர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக்கினார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த ஸ்காட்லாந்துப் பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. எங்கள் ஐயா, வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்லித்தந்த அண்ணாவியிடம் மணலில் எழுதித்தான் படித்தார். அண்ணாவி வெளியே போனால் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளைதான் பாடம் கேட்பார். இந்த மண்ணின் பள்ளி வழக்கம் கடல் கடந்து போய் மதிப்புப் பெற்றிருக்கிறது. இங்கே பிறந்த ஆங்கில வழக்குக்கு மட்டும் சிவப்பு மையா?

தேவகோட்டை ரஸ்தா:
பெல் கதை எனக்குப் புதிது, மகிழ்ச்சி. இருந்தாலும், பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன நம் முன்னோர், கடையில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பர்மியச் சொல்லைப் பழகினார்கள். வந்தவனிடம் தேவகோட்டைப் பேச்சைப் பேசினால் கடையில் கணக்கு நடக்குமா? ஊர்ச் சொல்லின் மேல் பற்று ஊரில் இருக்கட்டும்.

செக்காலை ஆசிரியை:
இரண்டு நாளாக யோசித்தேன். தம்பி சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். தேர்வு 'எழுதினேன்' என்பதை இனி அடிக்க மாட்டேன். டியூஷன், பப்ளிக் ஸ்கூல் போன்றவற்றுக்கு எந்த ஊரில் என்ன பொருள் என்று பலகையில் மூன்று கட்டம் போட்டுச் சொல்லித்தருவேன். தேவகோட்டை அண்ணன் வீட்டுக் கடிதத்தையும் வகுப்பில் சொல்வேன், அனுமதி வேண்டும்.

ஆனால் 'பாஸ் அவுட்'டை விடமாட்டேன். ராணுவத்தில் அணிவகுப்பு இருக்கிறது, பள்ளியில் இல்லை. விண்ணப்பத்தைப் படிப்பவருக்குப் பரங்கிமலை நினைவுக்கு வராது.

பள்ளத்தூரான்:
அதற்குப் பதிலாக என்ன எழுதச் சொல்வீர்கள்? 'கிராஜுவேட்' என்றால் அமெரிக்காவில் பள்ளி முடித்தவனுக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் பட்டம் வாங்கியவன் என்று நினைத்துவிடுவார்களே?

செக்காலை ஆசிரியை:
'கம்ப்ளீட்டட்' என்று எழுதச் சொல்வேன். எந்த நாட்டிலும் அதற்கு ஒரே பொருள்தான்.

தேவகோட்டை ரஸ்தா:
அனுமதி உண்டு, ஆச்சி. மகன் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.