புதுப்பிப்பு: 'முகமூடிகள்' கவிதையில் அந்த நீலம் எதைக் குறிக்கிறது?

அமெரிக்கக் கவிஞர் ஷெல் சில்வர்ஸ்டீனின் 'மாஸ்க்ஸ்' (முகமூடிகள்) கவிதையைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். நீலத் தோலை மறைத்துக்கொண்டு வாழும் ஒருத்தியும் ஒருவனும், தம்மைப் போன்ற நீலத்தைத் தேடி, கடைசியில் ஒருவரையொருவர் அறியாமலே கடந்துபோகிறார்கள். அந்த நீலம் இனமா, கூச்சமா, சோகமா என்பதுதான் கேள்வி. மூன்றுக்கும் ஆதரவாகப் பதில்கள் வந்தன, நன்றி.

எல்லாவற்றையும் படித்த பிறகு, நீலத்துக்கு ஒரே பொருளைப் பூட்டக் கூடாது என்றே நினைக்கிறேன். நிஜத்தில் நீலத் தோல் அநேகமாக யாருக்கும் இல்லை. அதனால்தான் எந்தக் குழந்தையும் தன் ரகசியத்தை அதில் வைத்துப் பார்க்க முடிகிறது. சில்வர்ஸ்டீன் மறைந்தபின் 2011இல் வந்த தொகுப்பில் உள்ள கவிதை இது. கவிதைகளோடு அவரே வரைந்த ஓவியங்களோ வெறும் கறுப்புக் கோடுகள். நீலம் சொல்லில் மட்டும்தான்!

என்னை மிகவும் உலுக்குவது வேறு விஷயம். இருவரும் ஒரே நேரத்தில் தேடவும் செய்கிறார்கள், ஒளியவும் செய்கிறார்கள். தேடல் தோற்பதற்கு வேறு யாரும் காரணமில்லை.

அப்புறம், வகுப்பில் நடத்தப்போகிறவர்களுக்கு: நீலம் என்றால் என்ன என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் மறைத்தார்கள் என்று கேளுங்கள். கவிதை அதைச் சொல்வதே இல்லை, பிள்ளைகள் சொல்வார்கள்.