பழைய பிக்கப் கேபின், புது சேஸிஸ்: வீல்பேஸ் ஒத்துப்போனால் போதுமா?

துருவேட்டை:
1951 ஷெவர்லே அரை டன் பிக்கப். கேபின் நன்றாக இருக்கிறது, சேஸிஸின் பின்பாதியைத் துரு தின்றுவிட்டது. நீளச் சரக்குப் பெட்டி, ஒற்றைக் கேபின் எஸ்-10 (ஷெவர்லேயின் பிற்காலச் சிறிய பிக்கப்) சேஸிஸ் ஒன்று கைவசம் உண்டு. பழைய வண்டியின் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு நடுத் தூரம்) 116 அங்குலம், எஸ்-10க்கு 117.9. கேபினைத் தூக்கி வைத்து, ஃபெண்டரையும் (முன்சக்கர மட்கார்டு) மாட்டிப் பார்த்தேன். முன்சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவுக்குப் பின்னால் நிற்கிறது. கதவின் பின்விளிம்பில் மேலே சுண்டுவிரல் நுழைகிறது, கீழே அட்டைகூட நுழையாது. கேபினைச் சேஸிஸில் தாங்கும் மவுண்டுகளை இப்படியே வெல்டிங் அடித்துவிட்டு, மற்றதை அப்புறம் சரிசெய்யலாமா?

நெம்புகோல்:
தாராளமாக அடியுங்கள். வித்தியாசம் இரண்டு அங்குலம்கூட இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பகிர்ந்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. கதவு இடைவெளியைக் கீலிலேயே சரிக்கட்டலாம். அளந்துகொண்டே இருப்பவர்களின் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

ரசமட்டம்:
நெம்புகோல் சொல்வதை ஏற்கமாட்டேன். இந்த வண்டியின் முன்ஃபெண்டர் உருண்டு திரண்டது. சக்கரம் அதன் நடுவில் இல்லையென்றால் எட்டி நின்று பார்க்கிறவருக்கும் உறுத்தும். வீல்பேஸ் என்பது இரண்டு ஆக்ஸிலுக்கு இடையே உள்ள தூரம், அவ்வளவுதான். கேபின் எங்கே உட்கார வேண்டும் என்பதை முன் ஆக்ஸிலின் மையத்திலிருந்து ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) உள்ள தூரம்தான் முடிவு செய்யும். அதைப் பழைய சேஸிஸில் அளந்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதைக் கழித்துக்கட்டும் முன் தூக்குக்குண்டு விட்டு, தரையில் கோடு போட்டு அளந்துவிடுங்கள்.

சக்கரம் பின்னால் நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கேபினும் ஃபெண்டரும் சேர்ந்து பின்னால் போக வேண்டும். முன்பக்கம் நடுவுக்கு வந்ததும் அந்த 1.9 அங்குலம் முழுவதும் பின்பக்கம் சேரும். பெட்டியைப் பின்னுக்குத் தள்ளினால் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே அசிங்கமாக இடைவெளி விழும். அதைவிடப் பட்டை ஸ்பிரிங்கின் பிடிப்புகளை நகர்த்தி, பின் ஆக்ஸிலை முன்னால் கொண்டுவந்து, பின் ஆக்ஸிலைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை அதற்கேற்ப வெட்டிக்கொள்வது நல்லது. வேலை கூடுதல்தான், ஆனால் ஒரு தடவை செய்தால் முடிந்தது.

இன்னொன்று, சேஸிஸ் எதன்மேல் நிற்கிறது? ஸ்டாண்டில் நின்றால் கதவு இடைவெளியைத் தொடவே தொடாதீர்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் எடை ஏறி, நாலு சக்கரத்தில் நின்றதும் சேஸிஸ் கொஞ்சம் வளையும். இன்று பிடித்த இடைவெளி அன்று மாறிவிடும்.

அசல்பிரியன்:
இருவருமே சேஸிஸை மாற்றுவதை முடிவான விஷயமாக எடுத்துக்கொண்டீர்கள். பின்பாதி மட்டும்தானே துரு? நல்ல பின்பாதியை வெட்டியெடுத்து ஒட்டலாம். பழைய ஆக்ஸிலுக்கே பொருந்தும் டிஸ்க் பிரேக் கிட் கிடைக்கிறது. பின்சக்கரம் மட்டும் இயங்கும் எஸ்-10க்கு இடது, வலது சக்கரங்களுக்கு நடுத் தூரமும் குறைவு. அந்த அகன்ற ஃபெண்டருக்குள் டயர் ஒடுங்கிக் கிடக்கும், அப்புறம் சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர், வேறு ரிம் என்று செலவு நீளும். அதோடு, பல நாடுகளில் பதிவு சேஸிஸ் எண்ணை வைத்துத்தான். சேஸிஸ் போனால் 1951 என்ற அடையாளமே கேள்விக்குறி ஆகலாம்.

நெம்புகோல்:
பதிவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பழைய வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. வேறு கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் பின் ஆக்ஸிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னால் பார்த்தால் ஒற்றை ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது அசல் என்று என்ன மிச்சம்? எஸ்-10இல் தனித்தனி முன் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வருகின்றன. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக நினைக்கிறவருக்கு அதுதான் பாதுகாப்பு.

அசல்பிரியன்:
பிரேக் பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக ஒட்டிய மவுண்டும் அதே அளவு பாதுகாப்பாக இருக்க வேண்டுமே. நீங்கள் சொன்ன "தாராளமாக அடியுங்கள்"தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரசமட்டம்:
அதே பயம் எனக்கும். பழைய வண்டியில் கேபினின் பின்பக்கம் ஷேக்கிள் (அசைந்து கொடுக்கும் இணைப்பு) வைத்துத் தாங்கியிருந்தார்கள். சேஸிஸ் முறுக்கும்போது கேபின் முறுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதை எடுத்துவிட்டுக் கேபினை நேராகச் சேஸிஸில் ஒட்டினால் கதவுத் தூணின் அடியில் விரிசல் விடும். எல்லா மவுண்டிலும் ரப்பர் வேண்டும். இப்போதைக்கு வெல்டிங்கில் சின்னப் பொட்டு மட்டும் வைத்து நிறுத்துங்கள். கதவு, ஃபெண்டர், பானெட் மூன்றும் பொருந்திய பிறகே முழு வெல்டிங்.

துருவேட்டை, முதலில் கதவைக் கொஞ்சம் திறந்து பின்முனையைக் கையால் தூக்குங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் எந்த இடைவெளியையும் நம்பாதீர்கள். ஆடவில்லை என்றால் கேபினின் முன்பக்கம் தொங்குகிறது. முன் மவுண்டில் ஷிம் (மெல்லிய தகடு) ஒன்று கூட்டுங்கள். கதவின் மேல் இடைவெளி குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு ஷிம்முக்கும் போல்ட்டை இறுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

துருவேட்டை:
தூக்கிப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கக் கதவு ஆடுகிறது, மற்றது ஆடவில்லை. ஆனால் அதிலும் மேலே இடைவெளி இருக்கிறது.

ரசமட்டம்:
அப்படியானால் இரண்டு கோளாறும் சேர்ந்திருக்கின்றன. கீல் பின் முதலில், ஷிம் அப்புறம். கேபினைப் பின்னால் நகர்த்தும் முன் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே சதுரக் குழாய் பொட்டு வையுங்கள், தூக்கும்போது கேபின் நெளியாது. ஷிம் வைக்கும் நேரத்தில் அந்தக் குழாய்களை எடுத்துவிட வேண்டும்.

நெம்புகோல்:
கேபின் பின்னால் போனால் ஸ்டீயரிங் ராடின் கோணமும் மாறும். அந்த ராடை வளைத்து இணைக்கும் யூ-ஜாயிண்ட் ஒவ்வொன்றும் 30 டிகிரியைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஜின் மேனிஃபோல்டில் உரசாமலும் போக வேண்டும். முழு வெல்டிங்குக்கு முன் இதையும் மாட்டிப் பாருங்கள். ஆக்ஸிலை நகர்த்துவது மட்டும் தேவையில்லை என்பதுதான் இன்னும் என் கருத்து.

அசல்பிரியன்:
பழைய சேஸிஸை இப்போதைக்குக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பதிவு அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கும்வரை அது உங்களிடமே இருக்கட்டும்.