கஸ்டம் வேலைக்கு ஆர்.எக்ஸ். 100-ஆ, சி.டி. 100-ஆ? கடலோர வண்டி எடுக்கலாமா?

தக்கலை_75:
பழைய 100 சிசி வண்டி ஒண்ணை ஸ்க்ராம்ப்ளர் (மண் ரோட்டு பைக் தோற்றம்) மாதிரி பண்ணணும். வண்டி, வேலை ரெண்டும் சேர்த்து 90,000 ரூபாய்க்குள்ள முடியணும். பாறசாலையில 1994 யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒண்ணு, கேரளா நம்பர், ஓடுது, 65,000 சொல்றாங்க. கடலோரம் குளச்சல்ல ஒரு ஹீரோ ஹோண்டா சி.டி. 100, பாக்க பளபளன்னு இருக்கு, 18,000. குலசேகரத்துல இன்னொரு சி.டி. 100, இன்ஜின் ஜாம், டேங்க் உள்ள துரு, ஆனா ஒரிஜினல் ஆர்.சி. இருக்கு, 11,000. எதை எடுக்கலாம்? சேஸ் (வண்டிச் சட்டம்) பின்பக்கம் வெட்டி, வளைச்ச பைப்பை லூப்பா வெல்டு வைக்கலாம்னு நினைக்கேன்.

பட்டறை_மார்த்தாண்டம்:
தம்பி, சேஸை வெட்டாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இதுக்கு நேர் எதிர். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தின வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கிறது சிக்கல், விபத்து நடந்தா இன்சூரன்ஸ்லயும் தகராறு. பழைய சீட் போல்ட் ஓட்டையும் ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டும் வச்சு மாட்டுற மாதிரி சீட் பேஸ் அடிங்க. சீட், ஹேண்டில்பார், மட்கார்ட், டயர் நாலையும் சரியா எடுத்தாலே பாதித் தோற்றம் வந்துரும். கலர் மாத்தினா ஆர்.சி.யில ஏத்தணும்.

காசு கொடுக்கதுக்கு முன்னாடி சேஸ் நம்பரைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணி, பேப்பர் வச்சு பென்சில் பிரிண்ட் எடுங்க. எழுத்து ஒரே ஆழத்துல, ஒரே வரிசையில இருக்கணும். சுத்தி கிரைண்டர் கீறல் தெரிஞ்சா அந்த வண்டியே வேண்டாம். பரிவாஹன்ங்கிற அரசு வெப்சைட்ல வண்டி நம்பரைப் போட்டு ஆர்.சி. எது வரைக்கும்னு பாருங்க. 15 வருஷம் தாண்டினதால அஞ்சு அஞ்சு வருஷமாத்தான் புதுப்பிச்சுத் தருவாங்க. பாறசாலை வண்டிக்கு இதோட கேரளா என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்க மறுபதிவு, வரி எல்லாம் சேரும். ஓனர் பேர்லதான் என்.ஓ.சி. வரும், ஆர்.சி.யில உள்ள ஆளு நேர்ல வராத வண்டியைத் தொடாதீங்க.

ஆரல்_காத்து:
குளச்சல் வண்டியோட பளபளப்பை நம்பாதீங்க. உப்புக் காத்து பெயின்டுக்கு அடியிலதான் வேலை செய்யும். சேஸ் பைப்பு உள்ளேயிருந்து அரிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால கீழ்ப் பைப்பு, பேட்டரி பெட்டிக்கு அடி, சுவிங் ஆர்ம் (பின் வீலைப் பிடிக்க கை) குறுக்குப் பைப்பு எல்லாம் தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு வந்த சத்தம் ஓரிடத்துல சொத்துன்னு அமுங்கினா அங்க தகடு மெலிஞ்சு போச்சு. சுவிங் ஆர்ம் போல்ட் புஷ்ஷோட சேர்ந்து பிடிச்சிருந்தா கழட்டவே ஒரு நாள் ஆகும். டியூப்பைக் கழட்டி ரிம் உள்பக்கம் ஸ்போக் நிப்பிள் தலையையும் பாருங்க. அங்க பொருக்குத் துரு இருந்தா ரெண்டு வீலும் புதுசாத்தான் கட்டணும்.

குலசேகரம் பக்கம் மழை அதிகம், ஆனா உப்பு இல்ல. நான் சொல்லது அந்த வண்டிதான்.

டூஸ்ட்ரோக்_கொல்லங்கோடு:
ஆர்.எக்ஸ். 100 வேகம் கொள்ளாம், மறுப்பு இல்ல. 98 சிசி, 11 குதிரைத் திறன்; சி.டி. 100-க்கு ஏழு பக்கம்தான். ஆனா 65,000 கொடுத்தா பாக்கி 25,000. அதுல மறுபதிவுச் செலவு போக கிராங்க் வேலைக்கே இடிக்கும். கிராங்க் சீல் ரெண்டும் முக்கியம். காயில் பக்கச் சீல் போனா அந்த வழியா காத்து இழுக்கும், பெட்ரோல் கலவை மெலியும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் இறங்காது. அப்படியே ஓட்டினா பிஸ்டன் பிடிச்சிரும். கிளட்ச் பக்கச் சீல் போனா கியர் ஆயிலைக் குடிச்சு வெள்ளைப் புகை தள்ளும். சைலன்ஸரை வெட்டுற ஆசையும் வேண்டாம். ஆர்.எக்ஸ். 100 டூ ஸ்ட்ரோக், அதுல சைலன்ஸரோட வயிறும் நீளமும் சேர்ந்துதான் இழுவை. அதை வெட்டினா சத்தம் கூடும், இழுவை போகும்.

முதல் வண்டின்னா சி.டி. 100. ஸ்ப்ளெண்டர் இன்ஜின் சாமான் நிறைய அதுக்குச் சேரும், எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும்.

தக்கலை_75:
அப்ப குலசேகரம் வண்டிதான். ஜாம் இன்ஜினை எப்படி விடுவிக்கது அண்ணே?

பட்டறை_மார்த்தாண்டம்:
கிக்கரை மிதிக்காதீங்க, கிக்கர் பல்லு போயிரும். பிளக்கைக் கழட்டி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து 50 மில்லி ஊத்தி மூணு நாள் விடுங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு பின் வீலை முன்னும் பின்னும் மெதுவா அசைங்க. அசையலேன்னா ஹெட்டைக் கழட்டுங்க, பலம் காட்டாதீங்க. பெரும்பாலும் பிஸ்டன் ரிங்தான் சிலிண்டர் சுவரோட துருப் பிடிச்சு ஒட்டியிருக்கும். சுவர்ல குழி விழுந்திருந்தா ஓவர்சைஸ் பிஸ்டனை முதல்ல வாங்கி, அதைக் கையோட லேத்துல கொடுத்து அந்த அளவுக்குச் சிலிண்டரைக் கடைஞ்சு போர் எடுக்கச் சொல்லணும். 0.25 மி.மீ. ஓவர்சைஸ்ல சுத்தம் ஆகலேன்னா 0.50. இன்ஜின் விடுபட்டாலும் விடுபடாட்டாலும் உள்ள கிடக்க ஆயிலை வடிச்சுருங்க.

டேங்குக்கு லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட், சுடுதண்ணியில, ஒரு ராத்திரி. பெட்ரோல் டேப்பை (குழாய்) கழட்டிட்டு ஓட்டையை அடைங்க, இல்லேன்னா ஆசிட் டேப்பைத் தின்னுரும். கொட்டினதும் சமையல் சோடாத் தண்ணியில அலசி, உடனே சூடு காத்து விட்டு உலர்த்தி, கொஞ்சம் ஆயில் சுத்தி விடுங்க. இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் புதுசு போடுங்க.

பெயின்ட் வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள வச்சுக்கிடுங்க. நம்ம குமரி மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, அக்டோபர் மழையும் உண்டு. ஈரத்துல பிரைமர் அடிச்சா ஆறு மாசத்துல கொப்புளிக்கும்.