டவர் இருக்கிறது, கால் போகிறது, நெட் மட்டும் இல்லை: ரோமிங் உதவி தேவை

பெட்டிபடுக்கை:
வெளிநாடு வந்து இரண்டு நாளாகிறது. இறங்கியதுமே ரோமிங் வரவேற்பு எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கால் போகிறது, ஓடிபியும் வருகிறது. நெட்தான் அசைய மாட்டேன் என்கிறது. டவர் முழுசாக நான்கு கோடு, பக்கத்தில் குட்டியாக ஒரு ஆர் எழுத்து. 4ஜி அடையாளத்தைக் காணோம். டேட்டா ரோமிங் ஆனில்தான் இருக்கிறது. ஃபிளைட் மோட் போட்டு எடுத்தேன், அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றி ஊதிக்கூடப் பார்த்துவிட்டேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், கூட வந்திருக்கும் அம்மாவுக்கும் அதே நிறுவனம், அதே பேக். அவர் போனில் எல்லாம் ஓடுகிறது. வழி பார்க்கக்கூட அவரிடம்தான் கையேந்துகிறேன். என்னுடையது ஆண்ட்ராய்டு, இரண்டு சிம்.

ஒற்றைக்கோடு:
டேட்டா ரோமிங் சுவிட்ச் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி. ஒன்றில் ஆன் செய்துவிட்டு, டேட்டாவுக்கு இன்னொன்றைத் தேர்ந்திருப்பீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. அதுவும் சரியென்றால் பேசாமல் நெட்வொர்க் ரீசெட் போட்டுவிடுங்கள்.

கம்பத்தடி:
ரீசெட்டுக்கு அவசரப்படாதீர்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டு, புளூடூத் இணைப்பு எல்லாம் போய்விடும். ஹோட்டலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

அம்மா போனில் ஓடுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பேக்கில் கோளாறில்லை, நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்திலும் இல்லை. காலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் நெட்டுக்கான ஏபிஎன் (போனை இணையத்தோடு இணைக்கும் வாசலின் பெயரும் அமைப்பும்) தேவையில்லை. நெட் அந்த வாசல் வழியாகத்தான் போகும். செட்டிங்ஸில் அந்த சிம்மைத் திறந்து ஏபிஎன் பட்டியலைப் பாருங்கள். எப்போதோ நீங்களே கையால் சேர்த்த பழைய ஏபிஎன் ஏதாவது தேர்வாகியிருக்கிறதா? அதற்குள் ‘ஏபிஎன் ரோமிங் புரோட்டோகால்’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். உள்ளூரில் அது எப்படி இருந்தாலும் தெரியாது, எல்லை தாண்டினால்தான் குட்டு உடையும். இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு டீஃபால்ட்டுக்கு மாற்றுங்கள்.

அதிலும் வரவில்லையென்றால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கையால் தேர்வதற்கு மாற்றி, அம்மாவின் போன் எதில் இருக்கிறதோ அதையே தொடுங்கள். ஒருமுறை மறுத்த நெட்வொர்க்கை சிம் தன் தடைப்பட்டியலில் எழுதிவைத்துக்கொள்ளும். அதன்பின் போன் தானாக அந்தப் பக்கம் போகாது, நாம்தான் தள்ளிவிட வேண்டும். உடனே கிடைக்காவிட்டால் சில நிமிடம் பொறுங்கள். தனக்கு வேண்டிய கூட்டாளியிடம் நம்மை அனுப்ப, சொந்த நிறுவனமே முதல் சில முயற்சிகளைத் தட்டிவிடுவதும் உண்டு.

பெட்டிபடுக்கை:
வந்துவிட்டது! ஏபிஎன் பட்டியலில் இரண்டு இருந்தன. மேலே இருந்தது, முன்பொரு தடவை நெட் மெதுவாக இருக்கிறதென்று எங்கோ படித்து நானே சேர்த்தது. அதன் ரோமிங் வரியில் ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) மட்டும். டீஃபால்ட் போட்டதும் ஆர் பக்கத்தில் 4ஜி வந்து நின்றது. நன்றி அண்ணே. அம்மாவிடம் மட்டும் ‘டவர் கோளாறு’ என்று சொல்லியிருக்கிறேன்.

நடுராத்திரி_விமானம்:
எனக்கு நேர்மாறு. நெட் பறக்கிறது, கால் போகவே இல்லை. இதற்கும் ஏபிஎன்தானா?

கம்பத்தடி:
இல்லை. 2ஜி, 3ஜியை மூடிவிட்ட நாடாக இருக்கும். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 3ஜியை 2022-இலேயே மூடிவிட்டன. அங்கெல்லாம் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் முறை) ரோமிங்கில் இல்லையென்றால், கால் இறங்கிப்போக கீழே படியே கிடையாது. வோல்ட்இ ஆனில் இருக்கிறதா பாருங்கள். உங்கள் நிறுவனம் அந்த நாட்டில் வோல்ட்இ ரோமிங் தருகிறதா என்றும் கேளுங்கள். அதுவரை வைஃபை காலிங், அதாவது வைஃபை வழியாகப் பேசும் வசதி. ஆனால் கட்டணத்தை விசாரித்துவிட்டு.